சர்க்கரையைப் பிடிக்கும் விதைகள்

எங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ரத்தம் கழுவுவது. லெக்டின் என்கிற புரதம் எந்தச் சர்க்கரையைப் பிடிக்கும், எப்படிப் பிடிக்கும் என்பதெல்லாம் அப்புறம்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தபோது, புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் சென்ட்ரிஃப்யூஜைத்தான் தொடவிட்டார்கள். ரத்தத்தை சலைனில் கலந்து சுற்ற வேண்டும். மேலே நிற்கும் நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய சிவப்பணுக்களைப் புது சலைனில் கலக்கி மறுபடி சுற்ற வேண்டும். மேல்நீர் நிறமே இல்லாமல் தெளிய வேண்டும். அதில் லேசாக ரோஸ் நிறம் தெரிந்தாலும் அணுக்கள் உடைகின்றன என்று அர்த்தம். அந்த ரத்தத்தில் அன்று வரும் எந்த முடிவையும் நம்ப முடியாது.

அடுத்தது தட்டு. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. முதல் குழியில் விதைச்சாறு, இரண்டாவதில் அதன் பாதிச் செறிவு, மூன்றாவதில் அதிலும் பாதி என்று வரிசை முழுக்க நீர்த்துக்கொண்டே போவோம். பிறகு ஒவ்வொரு குழியிலும் சமஅளவு சிவப்பணுக் கலவை. அதன்பின் தட்டை யாரும் தொடக் கூடாது, மேசையில் இடிக்கவும் கூடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால், லெக்டின் போதாத குழிகளில் அணுக்கள் சரிந்து அடியில் சின்னச் சிவப்புப் பொட்டாகச் சேர்ந்திருக்கும். நாங்கள் அதை ‘பட்டன்’ என்போம். லெக்டின் உள்ள குழிகளில் அணுக்கள் ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டு குழியின் அடி முழுக்க மெல்லிய விரிப்பாகப் படர்ந்திருக்கும். சந்தேகம் வந்தால் தட்டைச் சாய்த்துப் பார்ப்போம். பட்டன் என்றால் கீழே வழியும், விரிப்பு அசையாது.

இதே தட்டில்தான் சர்க்கரையையும் கண்டுபிடிப்பது. சாற்றோடு காலக்டோஸ் கலந்து வைத்தால் விரிப்பு வராமல் பட்டன் வருகிறதா? அப்படியென்றால் லெக்டினின் கைகளில் ஏற்கெனவே காலக்டோஸ் இருக்கிறது. அணுவின் மேலுள்ள சர்க்கரையைப் பிடிக்கக் கை காலியாக இல்லை. குளுக்கோஸ் கலந்தும் விரிப்பு வருகிறதா? அது இந்த லெக்டினுக்கு வேண்டாத சர்க்கரை. இவ்வளவுதான் சோதனை. பல லட்ச ரூபாய்க் கருவிகள் வந்த பிறகும், ஒரு புது விதையைக் கையில் எடுத்தால் இதைச் செய்யாமல் நான் எதையும் தொடங்கியதில்லை.

நிலக்கடலை, பலாக்கொட்டை, புடலை விதை என்று எங்களுக்குக் கொடுத்ததெல்லாம் சாதுவானவை. ஆமணக்கையும் குன்றிமணியையும் சீனியர்கள் மட்டுமே தொடுவார்கள். அந்த இரண்டையும் வைத்திருந்த பெட்டிக்குத் தனிப் பூட்டு. நான் சேலத்துப் பக்கம். ஆமணக்குக் காட்டுக்குள் ஓடியாடி, பாட்டி புகட்டிய விளக்கெண்ணெயைக் குடித்து வளர்ந்தவன். எனக்கு அந்தப் பூட்டு முதலில் வேடிக்கையாக இருந்தது. எண்ணெயில் ஒன்றும் இல்லை என்பதும் உண்மைதான். ஆமணக்கின் விஷமான ரிசின் தண்ணீரில் கரையும் புரதம், எண்ணெயோடு வராது. ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கில்தான் தங்கும். சூடுபடுத்தாத பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் என்ன ஆகும் என்று ஊரில் தெரியாதவர் கிடையாது.

இந்தத் துறையே ஆமணக்கில்தான் பிறந்தது. 1888-இல், இன்று எஸ்டோனியாவில் டார்ட்டு என்று அழைக்கப்படும் டோர்பாட் பல்கலைக்கழகத்தில், ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற மாணவர் தன் பட்ட ஆய்வுக்காக ஆமணக்கு விதையின் விஷத்தைப் பிரித்தார். அது ரத்த சிவப்பணுக்களைத் திரட்டுவதைப் பார்த்தார். நாங்கள் தட்டில் பார்ப்பது அதே காட்சிதான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கல்கத்தாவில் வார்டன், வாடெல் என்ற இருவர் குன்றிமணியின் விஷம் கிருமியால் வருவதல்ல, விதையிலுள்ள புரதத்தாலேயே வருவது என்று காட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் தோலுக்காக மாடுகளைக் கொல்ல, அரைத்த குன்றிமணியை ஊசியாகச் செய்து குத்தும் வழக்கம் வட இந்தியாவில் இருந்தது. அதனால்தான் இந்த விதைமீது அரசாங்கத்துக்கு அத்தனை அக்கறை. பிறகு 1891-இல் பால் எர்லிஹ் ரிசினையும் குன்றிமணியின் விஷமான ஆப்ரினையும் கொஞ்சங்கொஞ்சமாக எலிகளுக்குக் கொடுத்துப் பழக்கினார். ரிசினுக்குப் பழகிய எலி ஆப்ரினுக்குத் தாங்காது, ஆப்ரினுக்குப் பழகியது ரிசினுக்குத் தாங்காது என்று கண்டார். நோய் எதிர்ப்பு என்பது பொருளுக்குப் பொருள் தனித்தனி என்ற பாடம் இந்த இரண்டு விதைகள் சொல்லிக்கொடுத்தது.

ஆனால் ஸ்டில்மார்க்கின் கண்டுபிடிப்போடு ஒரு குழப்பமும் சேர்ந்தே பிறந்தது. ரத்தத்தைத் திரட்டுவதுதான் கொல்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். குழியில் சிவப்பணுக்கள் கட்டிபடுவதைப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தோன்றாது. ஆமணக்கு விதையில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன என்று பிற்பாடுதான் தெளிவானது. ஒன்று சுமார் 60 ஆயிரம் டால்டன் எடையுள்ள ரிசின். மற்றது ஏறக்குறைய அதைப் போல இரு மடங்கு எடையுள்ள அக்ளுட்டினின். பெரியது ரத்தத்தை வெளுத்து வாங்கும், ஆனால் விஷம் குறைவு. சின்னது தட்டில் சோம்பேறி, செல்லுக்குள் எமன். இரண்டுமே காலக்டோஸைத்தான் பிடிக்கின்றன. பிடிப்பது வேறு, கொல்வது வேறு என்று பிரித்துப் பார்க்க இந்தத் துறைக்கு எண்பது வருஷத்துக்கு மேல் ஆனது. இன்றும் புது மாணவர்களில் பாதிப்பேர் தட்டில் விரிப்பு பெரிதாக இருந்தால் விஷம் கடுமை என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

சர்க்கரை இதற்குள் எப்படி வந்தது என்பது தனிக் கதை. யூரியேஸ் என்சைமைப் படிகமாக்கி நோபல் வாங்கிய ஜேம்ஸ் சம்னர், அதே ஜாக் பீன் விதையிலிருந்து கான்காவலின் ஏ என்ற இன்னொரு புரதத்தையும் 1919-இலேயே படிகமாக்கியிருந்தார். நம் தம்பட்டை அவரைக்கு நெருங்கிய உறவு அந்தச் செடி. 1936-இல் அவரும் ஹாவெல்லும் சேர்ந்து, அந்தப் புரதம் அணுக்களைத் திரட்டுவதைச் சாதாரணச் சர்க்கரையே தடுக்கிறது என்று காட்டினார்கள். மேசை மேல் இருக்கும் சீனிதான்! அணுவின் மேல் சர்க்கரை ஒட்டியிருக்கிறது, லெக்டின் அதைத்தான் பிடிக்கிறது என்ற ஊகம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

நான் சேர்ந்த நாளில் லெக்டினைச் சுத்தமாகப் பிரிக்க வேண்டுமென்றால் வெளிநாட்டு ஜெல் வாங்க வேண்டும். இன்டென்ட் போட்டு, அந்நியச் செலாவணிக்கு அனுமதி வாங்கி, கஸ்டம்ஸில் கிடந்து வருவதற்குள் மாணவனின் ஃபெல்லோஷிப்பே முடிந்துவிடும். அதற்கு மாற்று நம் ஊரில் கிடைத்தது, அதுவும் வேலூர் வழியாக. சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடம் நடத்திய பி.கே. பச்சாவத்தின் குழு, 1970-களில் கொத்தவரை விதைப் பசையைக் குறுக்கிணைத்து ஜெல்லாக்கிப் பயன்படுத்தியது. குவார் கம் என்று ராஜஸ்தானிலிருந்து மூட்டை மூட்டையாகப் போகுமே, அதே பசை. அதில் மன்னோஸ் நீளச் சங்கிலியாக ஓடும். நெடுகிலும் காலக்டோஸ் கிளைகிளையாகத் தொங்கும். காலக்டோஸைப் பிடிக்கும் எந்த லெக்டினும் அதைத் தாண்டிப் போக முடியாது. பச்சாவத்திடம் ஆய்வு செய்த அவதேஷ சுரோலியா பிறகு இந்திய அறிவியல் கழகத்தில் லெக்டின் ஆய்வைப் பெரிய மரமாக வளர்த்தார். கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும் பசையில் தொடங்கிய மரம் என்பதை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

புடலை விதைச் சாற்றைக் கோல்ட் ரூமில் அந்தக் காலத்தில் ஏற்றிய முதல் இரவு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ‘காலம்’ என்று நாங்கள் சொல்வது ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாய். ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்திருப்போம். சாறு இறங்கும்போது பழுப்பு நிறமாக எல்லாம் கழிந்துபோகும். ரெக்கார்டரின் பேனா உச்சிக்குப் போய், பிறகு மெல்ல இறங்கி, கோட்டோடு கோடாகப் படுத்துவிடும். விதையிலிருந்த நூற்றுக்கணக்கான புரதங்களும் போய்விட்டன என்று பொருள். உள்ளே ஒன்று மட்டும் காலக்டோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இப்போது லாக்டோஸ் கரைசலை ஊற்ற வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. திடீரென்று பேனா எழும், கூராக ஒரு சிகரம் போடும், இறங்கிவிடும். ஜெல்லில் இருந்த காலக்டோஸை விட்டுவிட்டு, நிறையக் கிடைக்கிற லாக்டோஸோடு வந்துவிட்டது புரதம். வலுக்கட்டாயம் எதுவும் இல்லை. அமிலம் இல்லை, சூடு இல்லை. பிடித்ததை விடுவிக்க இன்னொரு சர்க்கரை போதும். இந்தப் பிடி அவ்வளவு இலகுவானது என்பதை அந்தச் சிகரத்தைப் பார்த்தபோதே நான் மனதில் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அதன் பொருள் பல வருஷம் கழித்துத்தான் முழுதாகப் பிடிபட்டது.

குளுக்கோஸையும் காலக்டோஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். அணுக்களின் எண்ணிக்கை ஒன்று, அடுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. நான்காவது கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் ஒன்றில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், மற்றதில் மேல்நோக்கி நிற்கும். இந்த ஒரு திருப்பத்துக்காக ரிசின் குளுக்கோஸைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏன் என்று மாடல் கிட்டை வைத்து மாணவர்களுக்குக் காட்டுவேன். அந்த ஹைட்ராக்சில் மேலே போய்விட்டதால் காலக்டோஸின் ஒரு முகம் வழவழப்பாகி, தண்ணீரை விரும்பாத பரப்பாகிவிடுகிறது. ரிசினின் இரண்டு சங்கிலிகளில் சர்க்கரையைப் பிடிப்பது பி சங்கிலி. அதில் 37-ஆம் இடத்தில் இருக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் தன் தட்டையான வளையத்தை அந்த முகத்தோடு ஒட்டி வைக்கிறது. 22-இல் உள்ள அஸ்பார்ட்டிக் அமிலமும் 46-இல் உள்ள அஸ்பராஜினும் பக்கவாட்டிலிருந்து மூன்றாவது, நான்காவது ஹைட்ராக்சில்களை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றுகின்றன. குளுக்கோஸை அங்கே உட்கார வைத்தால் வளையமும் ஒட்டாது, பிணைப்பும் எட்டாது. பி சங்கிலியின் மறுகோடியில், வேறொரு மடிப்பில், ஏறக்குறைய இதே ஏற்பாடு இன்னொரு முறை இருக்கிறது. அங்கே டிரிப்டோஃபானுக்குப் பதில் டைரோசின், அவ்வளவுதான் வித்தியாசம். டெக்சாஸில் ஜான் ரொபர்ட்டஸ் குழு 1987-இல் ரிசினின் படிக அமைப்பை வெளியிட்டபோது, நாற்பது அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டு இந்தச் சங்கிலி உருவாகியிருக்கிறது என்று எழுதினார்கள். ஆறு மடிப்புகளில் இரண்டுதான் சர்க்கரையை ஒழுங்காகப் பிடிக்கின்றன.

பெங்களூரிலும் அந்தக் காலத்தில் படிகங்களுக்கு நல்ல யோகம். எம். விஜயனின் குழு 1994-இல் நிலக்கடலை லெக்டினின் அமைப்பைத் தீர்த்தது. நான்கு துணை அலகுகள் கொண்ட புரதம் என்றால் இப்படித்தான் சமச்சீராக அடுக்கியிருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த ஒழுங்கு அதில் இல்லை. சிலர் அதை நம்பவே தயங்கினார்கள். 1996-இல் பலாக்கொட்டையின் ஜக்கலின். கடலை லெக்டினுக்குக் கால்சியமும் மாங்கனீசும் வேண்டும். அவற்றை உருவிவிட்டால் சர்க்கரையைப் பிடிக்காது. ஜக்கலினுக்கு உலோகம் எதுவும் வேண்டாம். புரதம் உருவான பிறகு அதன் சங்கிலி ஓரிடத்தில் வெட்டப்படுகிறது. அந்த வெட்டில் பிறக்கும் புதிய நுனியே காலக்டோஸைத் தொடுகிறது. மூன்று விதை, மூன்று வேறு வேறு கட்டுமானம். ஆனால் மூன்றிலும் காலக்டோஸின் வழவழப்பான முகத்தோடு ஒரு தட்டை வளையம் ஒட்டி நிற்கிறது. இயற்கை ஒரே உத்தியைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறது என்று அந்தப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது தோன்றிய மகிழ்ச்சியை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

பிடியின் வலுவை அளப்பதுதான் என் சொந்த வேலை. தொடக்கத்தில் ஒளிர்வை வைத்து அளந்தோம். டிரிப்டோஃபான் புற ஊதாவில் ஒளிரும். அதன்மேல் சர்க்கரை வந்து உட்கார்ந்தால் ஒளிர்வு கொஞ்சம் மாறும். அந்தக் கொஞ்சத்தைத்தான் அளக்க வேண்டும். பகலில் வோல்டேஜ் ஏறி இறங்கும் என்பதால் ராத்திரியில்தான் கருவியைப் போடுவோம். தொண்ணூறுகளில் கலோரிமீட்டர் வந்தது. ஒரு சின்ன அறையில் லெக்டின். ஊசி வழியாக மைக்ரோலிட்டர் மைக்ரோலிட்டராகச் சர்க்கரை. ஒவ்வொரு சொட்டுக்கும் வெளிவரும் சூட்டைத் திரையில் ஒரு சிகரமாகக் காட்டும். முதல் சொட்டுகளுக்குச் சிகரம் உயரம். இடங்கள் நிரம்ப நிரம்பக் குட்டையாகிவிடும். சூடு நன்றாகவே வந்தது. அதனால் பிடியும் பலமாக இருக்கும் என்று நினைத்தோம். கணக்குப் போட்டால் இல்லை. சர்க்கரை அசையாமல் உட்கார வேண்டியிருக்கிறது, சுற்றியிருந்த தண்ணீர் இடம் மாற வேண்டியிருக்கிறது. சூட்டில் வந்த லாபம் பெரும்பாலும் அங்கே போய்விடுகிறது. ஒற்றைக் காலக்டோஸ், ஒற்றை இடம் என்று வைத்து அளந்தால் பிடி மில்லிமோலார் கணக்கில்தான் நிற்கும். லாக்டோஸுக்குக் கொஞ்சம் மேல். ஆன்டிபாடிகளோடு வேலை செய்கிறவர்கள் எங்கள் எண்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுடையது இதைவிடப் பத்தாயிரம், லட்சம் மடங்கு இறுக்கம்.

ஆனால் அதே ரிசினை உயிருள்ள செல்லின் மேல் விட்டால் பிடி ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் ஹீலா செல் ஒன்றின் மேல் ரிசின் உட்காரக்கூடிய இடங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒரு கை விட்டாலும் மறு கை பிடித்திருக்கிறது. அது விடுவதற்குள் முதல் கை பக்கத்துச் சர்க்கரையைப் பற்றிவிடுகிறது. வரப்பில் நடந்தால் வேட்டியில் ஒட்டும் நாயுருவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முள்ளையும் தனியாக எடுத்தால் ஒன்றுமில்லை. ஆனால் வேட்டியை உதறினால் போகாது. கோல்ட் ரூமில் லாக்டோஸுக்கு அவ்வளவு சுலபமாக இறங்கிவந்த அதே புரதக் குடும்பம்தான் இது. காலத்தில் நாங்கள் லாக்டோஸை வெள்ளமாக ஊற்றினோம், அதனால் வந்தது. உடம்பில் அப்படி யார் ஊற்றுவார்கள்?

இந்த எண்ணிக்கை விவகாரத்தை ரத்த வங்கிக்காரர்கள் எங்களுக்கு முன்பே கையாளத் தெரிந்து வைத்திருந்தார்கள். 1951-இல் புனேயில் ராணுவ மருத்துவ வட்டாரத்தில் வேலை செய்த ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட், நம் கொள்ளிலிருந்து எடுத்த சாறு ஏ பிரிவு ரத்தத்தைத் திரட்டுவதை ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் எழுதினார். ஏ1-ஐத் திரட்டும், ஏ2-ஐ விட்டுவிடும். இரண்டிலும் இருப்பது ஒரே சர்க்கரை, என்-அசிட்டைல் காலக்டோசமின். ஏ1 அணுவில் அது மிக அடர்த்தி. தகுந்தபடி நீர்த்த கொள்ளுச்சாற்றுக்கு அந்த அடர்த்தி இருந்தால்தான் பிடி நிற்கும். இன்றும் ரத்த வங்கிக் குளிர்பெட்டியில் ‘ஆன்டி-ஏ1 லெக்டின்’ என்று ஒரு சின்னக் குப்பி இருக்கும். உள்ளே இருப்பது ரசம் வைக்கிற கொள்ளுதான். அதன் பக்கத்தில் ஆன்டி-எச் குப்பி இருக்கும். அது யூலக்ஸ் என்ற மஞ்சள் பூ முட்செடியின் விதை. ஊட்டி மேட்டுநிலங்களில் களையாகப் பரவிக் கிடக்கிறது. ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கும்.

1952-இல் பம்பாயில் பெண்டே குழுவினர் கண்டறிந்த ‘பாம்பே ரத்தம்’ உள்ளவருக்கு அந்த ஃபியூகோஸே இருக்காது. சாதாரணச் சோதனையில் ஓ என்றுதான் காட்டும், ஆனால் எந்த ஓ ரத்தத்தோடும் சேராது. அப்படி ஒரு நோயாளியின் மாதிரி ஒருமுறை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. யூலக்ஸ் சாற்றை விட்டோம். நல்ல ஓ ரத்தம் நொடியில் கட்டிபட்டது. இது கடைசிவரை வழவழவென்று ஓடிக்கொண்டே இருந்தது. மாதிரி கொண்டுவந்த டெக்னீஷியன் அங்கேயே போனைக் கேட்டு வாங்கி, அரிய ரத்தக் கொடையாளர் பட்டியல் வைத்திருப்பவர்களை அழைத்தார்.

கடலைக்கும் ரத்த வங்கியில் ஒரு வேலை உண்டு, அதையும் பேர்ட் 1964-இல் எழுதியிருக்கிறார். கடலைச்சாறு சாதாரண மனித ரத்தத்தை ஒன்றும் செய்யாது. அது தேடும் இரட்டைச் சர்க்கரையின்மேல் சியாலிக் அமிலம் மூடியிருக்கும். சில பாக்டீரியாத் தொற்றுகளில் கிருமியின் என்சைம் அந்த மூடியை அரித்துவிடும். அப்போது கடலைச்சாறு பிடித்துக்கொள்ளும். புதிதாக வந்த மாணவர்கள் கழுவிய ரத்தத்தோடு கடலைச்சாற்றைக் கலந்துவிட்டு “சார், சாறு செத்துப்போச்சு” என்று வருவார்கள். முதலில் அந்த மூடியை அரிக்கும் நியூராமினிடேஸ் என்சைமைப் போட்டுவிட்டு வா என்று அனுப்புவேன். சர்க்கரை இருந்தால் மட்டும் போதாது, அது கைக்கு எட்ட வேண்டும்.

விஷத்துக்கு வருகிறேன். ஆஸ்லோவில் ஓல்ஸ்னஸும் பீலும் எழுபதுகளில் பிரித்துக் காட்டியது இது: ரிசினிலும் ஆப்ரினிலும் இரண்டு சங்கிலிகள். பி சங்கிலி சர்க்கரையைப் பிடிக்கும். ஏ சங்கிலி உள்ளே போய்க் கொல்லும். 1987-இல் ஜப்பானில் எண்டோவும் ட்சுருகியும் எப்படிக் கொல்கிறது என்று கண்டார்கள். புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.யில் ஒரே ஒரு அடினினை ஏ சங்கிலி பிடுங்கி எறிகிறது. அந்த ஒன்று போனால் ரைபோசோம் முடங்கிவிடும். ஒரு ஏ சங்கிலி நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் ரைபோசோம்களை முடக்கும். ஆனால் வெளியே ஒட்டிய ரிசினில் மிகச் சொற்பமே அங்கே போய்ச் சேர்கிறது. பெரும்பகுதி மறுபடி வெளியே வந்துவிடும் அல்லது செல்லின் கழிவறைகளில் செரித்துவிடும். சிறுபகுதி மட்டும் கால்ஜி வழியாக எண்டோபிளாச வலைக்குப் பின்னோக்கிப் பயணம் செய்து, அங்கிருந்து நழுவி வெளியேறுகிறது. எந்தப் புரதத்தின், எந்தக் கொழுப்பின் மேலிருந்த சர்க்கரையைப் பிடித்தது என்பதைப் பொறுத்தே அது ஏறும் வண்டி.

இதனால்தான் பாகற்காயும் புடலையும் எனக்குப் பிடித்த பாடங்கள். இரண்டின் விதையிலும் ரிசின் குடும்பத்தைச் சேர்ந்த லெக்டின்கள் உண்டு. காலக்டோஸைப் பிடிக்கின்றன. ஆனால் ரிசின் போலக் கொல்வதில்லை. ஐரோப்பாவின் எல்டர்பெரி இன்னும் வினோதம். அதன் லெக்டின் ஒன்றில் ஏ சங்கிலி நன்றாகவே வேலை செய்கிறது, ரைபோசோமைக் கையில் கொடுத்தால் முடக்கிவிடும். ஆனாலும் செல்லுக்கு ரிசினைவிடப் பன்மடங்கு சாது, ஏனென்றால் தவறான வண்டியில் ஏறுகிறது. குன்றிமணியிலேயே ஆப்ரினுக்கு ஒரு சாதுவான உடன்பிறப்பு உண்டு, அக்ளுட்டினின். 2006-இல் இந்திய அறிவியல் கழகத்தில் அதன் அமைப்பைத் தீர்த்தவர்கள், ஏ சங்கிலியின் வெட்டும் பள்ளத்தருகே ஓர் அஸ்பராஜின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். இத்தனைக்கும் பிடிக்கும் கை அப்படியேதான் இருக்கிறது.

1997-இல் ரசாயன ஆயுத ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது ரிசின் முதல் அட்டவணையில் ஏறியது, நரம்பு வாயுக்களோடு. இந்தியாவிலும் 2000-இல் அதற்குச் சட்டம் வந்தது. அதன்பின் பழைய பூட்டு போதவில்லை. பதிவேடு, அனுமதி, மைக்ரோகிராமுக்கும் கணக்கு. பலர் ரிசினை விட்டுவிட்டு ஜக்கலினுக்கும் புடலைக்கும் மாறிவிட்டார்கள். அதைத் துறைக்கு நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. பிடியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளில் பெரும்பகுதியை விஷமில்லாத உறவுக்காரர்களிடமே கேட்டுவிடலாம்.

2002 வாக்கில் சர்க்கரை அடுக்கிய கண்ணாடிச் சில்லுகள் வர ஆரம்பித்தன. நூற்றுக்கணக்கான கூட்டுச் சர்க்கரைகளைப் புள்ளி புள்ளியாக வைத்து, எதில் லெக்டின் ஒட்டுகிறது என்று ஒரே தடவையில் பார்த்துவிடலாம். நாங்கள் இருபது வருஷம் ‘காலக்டோஸ் லெக்டின்’ என்று முத்திரை குத்தி வைத்திருந்தவை ஒவ்வொன்றும் தனித்தனி ரசனை உள்ளவை என்று அதில் தெரிந்தது. காலக்டோஸ் எந்தப் பக்கமாக இணைந்திருக்கிறது, அடுத்து யார் இருக்கிறார், எவ்வளவு நெருக்கம் என்று எல்லாம் பார்க்கின்றன. அதன்பின் என் மாணவர்களின் ஆய்வேட்டில் ‘காலக்டோஸைப் பிடிக்கும்’ என்ற வரி தனியாக வந்தால் பென்சிலால் சுழித்து, ‘எதன் மேல்?’ என்று எழுதிவிடுவேன்.

இன்னொரு மாற்றம் சமையலறையிலிருந்து வந்தது. 2017-இல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்து லெக்டின்களை எல்லா நோய்க்கும் காரணமாக்கியது. அதிலிருந்து கல்யாண வீடுகளில் என்னை ஓரமாக அழைத்துப்போய் “தக்காளி சாப்பிடலாமா?” என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். கவனம் வேண்டியது ராஜ்மாவில். வேகாத சிவப்பு ராஜ்மாவின் லெக்டின் குடலைப் பிடித்துக்கொண்டு சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்திவிடும். ஜப்பானில் 2006-இல் தொலைக்காட்சியில் சொன்ன எடைக்குறைப்புக் குறிப்பைப் பார்த்து வெள்ளை ராஜ்மாவை லேசாக வறுத்துப் பொடித்துச் சாப்பிட்டு ஏராளமானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவிடும் நம் வழக்கத்தில் அந்தப் புரதம் உருக்குலைந்துவிடும். கொதிநிலைக்கே போகாத மெதுவான பாத்திரங்களில்தான் ஆபத்து.

போன வருஷம் தர்மபுரிப் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் பழைய மாணவி பதறிப்போய் அழைத்தாள்.

“சார், எங்க அக்கா பையன் குன்றிமணியை வாயில போட்டுட்டான்.”

“மென்னானா, அப்படியே முழுங்கினானாம்மா?”

“தெரியல சார். ரெண்டு மூணு இருக்கும்.”

“பேசிட்டு இருக்காதம்மா, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. மிச்சமிருக்கிற விதையையும் கையில எடுத்துட்டுப் போ, டாக்டர்கிட்ட காட்டணும்.”

அந்த விதையின் தோல் கல் மாதிரி. முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றாலோ அரைத்தாலோதான் உள்ளிருப்பது வெளிவரும். அறிகுறி தெரிய பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும் என்பதால், பையன் நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வண்டியில் போகும்போதே அவள் இன்னொரு கேள்வி கேட்டாள். என்னிடம் படித்தவள் அல்லவா? “சார், பால் குடுக்கலாமா? லாக்டோஸ் போய் அந்தக் கையைப் பிடிச்சுக்காதா?”

நல்ல கேள்வி, அதைக் கேட்டதற்காக அவளைப் பாராட்டினேன். கண்ணாடித் தட்டில் அது உண்மைதான். செல்களோடு லாக்டோஸைத் தாராளமாகக் கலந்தால் ரிசின் ஒட்டுவது வெகுவாகக் குறையும். பாலைக் கலந்தும் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் குடலில் லாக்டோஸை உடைக்க என்சைம் காத்திருக்கிறது. உடையாமல் தப்பியது ஒற்றை ஒற்றையாக வந்து ஒரு கையைப் பிடிக்கும், விடும். குடல் சுவரிலோ காலக்டோஸ் காடாக நிற்கிறது. போட்டியில் யார் ஜெயிப்பார் என்று கலோரிமீட்டர் எண்களை வைத்தே சொல்லிவிடலாம். ஆப்ரினுக்கோ ரிசினுக்கோ ஆஸ்பத்திரியில் கொடுக்க இன்றுவரை தனி முறிமருந்து கிடையாது. நீர்ச்சத்து இறங்காமல் பார்த்துக்கொண்டு, உறுப்புகளைக் கண்காணித்துக்கொண்டு, உடம்பு தானாகத் தேறும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. பாலை நம்பி ஐந்து நிமிஷம்கூட நிற்காதே, நேராகப் போ என்றேன்.